மச்சான் கேட்ட வெள்ளம்

என் நெஞ்சு மூணரை சென்டிமீட்டருக்கு மேல விரிய மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு. தீயணைப்புப் படையில சேரணும்னா அஞ்சு விரியணும். மூச்சை வெளிய விட்டு ஒரு அளவு, உள்ள இழுத்துப் பிடிச்சு ஒரு அளவு, ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் இருந்தாத்தான் அடுத்த வரிசைக்கே விடுவாங்க. உயரம் இருந்துச்சு, படிப்பு இருந்துச்சு, ஓட்டம் இருந்துச்சு. நெஞ்சுதான் காலை வாரிருச்சு. மதுரையில அளந்த ஆளு டேப்பைப் பார்த்தாரு, என்னையப் பார்த்தாரு, "அடுத்தாளு"ன்னுட்டாரு. ஒன்றரை சென்டிமீட்டர், ஒரு வெரல் கனம்கூட இருக்காது. அதுக்காக ஆம்பளை நான் மதுரையில இருந்து போடி வரைக்கும் ரயிலு ஜன்னல்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தேன்.

அடுத்த தடவைதான் எனக்குக் கடைசி. அதையும் விட்டா வயசு தாண்டிரும். அப்புறம் சிலமலையில ஆத்தாகூட ரெண்டு மாட்டை மேய்ச்சுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். அப்பா இல்லை, இருந்த தோட்டம் குத்தகையில போயிருச்சு. எண்பதுகளோட தொடக்கம் அது. போடியில ஏலக்கா ஏவாரிக ஜீப்புல பறந்துக்கிட்டிருந்தாங்க, நான் நெஞ்சை வளத்துக்கிட்டிருந்தேன்.

ஏண்டா தீயணைப்பு, போலீசுக்குப் போனா என்னன்னு கேக்காத ஆளு இல்லை. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப எங்க தெருவுல ஒரு வைக்கோப் படப்பு பத்திக்கிச்சு. ஒருத்தரு சைக்கிள மிதிச்சுப் போடிக்குப் போய்ச் சொல்லி, வண்டி மணியடிச்சுக்கிட்டு வந்துச்சு. ஊரே கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. பொம்பளைக வயித்துல அடிச்சுக்கிறாங்க, ஆம்பளைக ஆளாளுக்கு அதட்டுறாங்க. வந்து எறங்குன ஆறு பேரு மட்டும் ஒரு சத்தம் போடலை. ஒருத்தரு கையைத் தூக்குனாரு, இன்னொருத்தரு தண்ணியைத் திருப்புனாரு, அவ்வளவுதான். அந்த ஆறு பேர்ல ஒருத்தனாயிரணும்னு அன்னைக்கு மனசுல விழுந்ததுதான், அப்புறம் வேற எந்தச் சோலியும் எனக்குப் பிடிக்கலை.

அதனால தெனமும் விடியாம எந்திரிச்சு போடி வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி ஓடியாருவேன். கிணத்துக்குள்ள வடத்தைத் தொங்கவிட்டு ஏறிப் பழகுவேன், ஆத்தா மேல நின்னுக்கிட்டு "எறங்குடா பாவி, ஏறுடா பாவி"ன்னு என்ன சொல்றதுன்னு தெரியாம ரெண்டையும் சொல்லிக் கத்தும். வாரம் ஒரு நாளு போடி பஜார்ல ஒரு டெய்லர் கடைக்குப் போயி நெஞ்சை அளப்பேன். அவரு இஞ்சுல சொல்லுவாரு, நான் மனக்கணக்குப் போட்டுச் சென்டிமீட்டருக்கு மாத்துவேன். "தம்பி, ஒரு சட்டையாச்சும் தைடா. சும்மா நெஞ்சை மட்டும் அளந்துட்டுப் போற ஒரே ஆளு நீதாண்டா"ம்பாரு அந்த டெய்லரு.

இன்னொரு தேர்வு, ஆளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுறது. நம்ம எடைக்கு ஒரு ஆளைக் கவுத்துத் தோள்ல போட்டு, ஒரு கையால அவர் காலையும் கையையும் சேத்துப் பிடிச்சு, இன்னொரு கையைச் சும்மா வச்சுக்கிட்டு ஓடணும். எனக்கு மூட்டையா வந்து வாய்ச்சது எங்க மச்சான். எங்க அக்கா வீட்டுக்காரர்.

மச்சானும் அக்காவும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காத் தோட்டத்துல இருந்தாங்க. அவரு அங்க ஸ்டோருல வேலை. ஸ்டோருன்னா பச்சைக்காயைக் காய வைக்கிற கட்டடம். வெளிய அடுப்பு எரியும், அந்தச் சூடு உள்ள தரையோட ஓடுற தகரக் குழாய் வழியாப் போகும், அதுக்கு மேல தட்டுத் தட்டாக் காய் கெடக்கும். எப்பக் காய்ஞ்சுச்சு, எப்ப எடுக்கணும்னு பார்க்கிறது மச்சானோட பொறுப்பு. ஒரு கை அள்ளி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சுத் தேய்ப்பாரு, காதுகிட்டக் கொண்டு போயிக் குலுக்குவாரு, "இன்னும் ரெண்டு மணி நேரம்"ம்பாரு. மேனேஜரே அவர் கையைக் கேட்டுத்தான் சாக்கைக் கட்டச் சொல்லுவாரு. கை எப்பப் பார்த்தாலும் ஏலக்கா வாசம்தான். கல்யாண வீட்டுல அவர் பக்கத்துல ஒக்காந்தா பாயசம் வராமலே பாயசம் வாசம் வரும்.

பொங்கலுக்கு எறங்கி வந்தா களத்துல என் தோள்ல தொங்குவாரு. "மாப்ளே, கெடா தூக்குற மாதிரி தூக்காத, இடுப்பு நோகுது. தூக்குறதெல்லாம் சரி, எங்க எறக்கணும்னு தெரியுமா ஒனக்கு?"ன்னு தலைகீழாக் கெடந்துக்கிட்டே கேலி பண்ணுவாரு. களத்தைச் சுத்தி நாலு ரவுண்டு ஓடி எறக்கிவிட்டா தலை சுத்திப் போயி ஒக்காந்துருவாரு. நான் நெஞ்சு விரியலைன்னு அழுதுக்கிட்டு வந்த வருசம் அவருதான் ஒரு யோசனை சொன்னாரு. "மேல வந்து ஆறு மாசம் இரு. எங்க மேட்டுல ஓடிப் பாரு. மூச்சு வாங்கி வாங்கி நெஞ்சு தன்னால விரியும். போடி டெய்லருக்கு டேப்பு பத்தாது."

போனேன். சும்மா சொல்லக் கூடாது, மலை எனக்குச் செஞ்சது மாதிரி யாரும் செய்யலை. ரெண்டாவது மாசமே மூச்சு ஆழமாப் போறது எனக்கே தெரிஞ்சுச்சு. அக்கா வீடு லயத்துல ஒரு ரூம்பு. லயம்னா வரிசையாக் கட்டின தொழிலாளி வீடுக, புல்லுக் கூரை. பக்கத்து வீடு, எதுத்த வீடெல்லாம் மலையாளமும் தமிழும் கலந்து பேசுற சனம். பதினோரு வருசமா அதுக நடுவுல இருந்து அக்காவும் மச்சானும் பேச்சு மாறிப் போயிருந்தாங்க. தண்ணின்னே சொல்ல மாட்டாங்க. வெள்ளம்தான். குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம். "தம்பி, வெள்ளம் கோரிட்டு வாடா"ம்பா எங்க அக்கா. எனக்குச் சிரிப்பா வரும். சிலமலைக்காரனுக்கு வெள்ளம்னா ஆத்துல கரை தட்டி வந்து ஆட்டையும் மாட்டையும் இழுத்துக்கிட்டுப் போகுமே, அதுதானே?

அவங்க மகளுக்கு அப்ப அஞ்சு வயசு. அது வந்து "மாமா, வெள்ளம் தா"ங்கும். ஒடனே நான், "ஐயய்யோ, வெள்ளம் வந்துருச்சாம்! ஓடு, ஓடு!"ன்னு அதைத் தூக்கிக் கட்டில் மேல நிறுத்திருவேன். அது கெக்கெக்கேன்னு சிரிக்கும். கட்டில்ல நின்னுக்கிட்டு மறுபடியும் "வெள்ளம்!"ங்கும். மறுபடியும் தூக்கி டிரங்குப் பெட்டி மேல நிறுத்துவேன். தெனம் சாயங்காலம் இதுதான் எங்களுக்கு வெளையாட்டு. மச்சான் பீடியைப் பத்த வச்சுக்கிட்டு, "இவனுக்குத் தீயணைப்புல வேலை கெடைக்காது, வெள்ளத்துக்குத்தான் கூப்புடுவாங்க"ன்னு சிரிப்பாரு.

இதை எல்லாம் எதுக்கு இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, அந்த வார்த்தைக்கு அங்க என்ன அர்த்தம்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரியாமப் போச்சுன்னு நான் சொல்ல முடியாது.

அன்னைக்கு நாலாவது நாளா மழை. லயத்துக்கு மேல ஓடையைக் கல்லு வச்சு மறிச்சு ஒரு சின்ன அணை கட்டியிருந்தாங்க. முந்தின நாளுதான் மேனேஜர் வந்து பார்த்துட்டு, "ஒடைஞ்சுச்சுன்னா லயம் தாங்காது, எல்லாரும் கவனமா இருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. காலையில எல்லாரும் பிளாஸ்டிக் தாளைத் தலையில போட்டுக்கிட்டுக் காயெடுக்கப் போயிட்டாங்க. அக்காவும் போயிருச்சு. லயத்துல கெழடு கெட்டைகளும் பச்சைப் பிள்ளைகளும்தான். நான் மழையோடயே ஓடிட்டு வந்து, அக்காவுக்குத் தண்ணி பிடிச்சு வச்சுருவோம்னு ரெண்டு வாளியை எடுத்துக்கிட்டு ஓடைக் குழாய்கிட்டப் போனேன். ஸ்டோரு அங்கிருந்து கூப்புடு தூரம். பொகை வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஸ்டோருல பொகை வர்றது என்னைக்கு இல்லை? மழையும் மூடாக்குமா எது பொகை, எது மஞ்சுன்னே பிரிக்க முடியாது.

ரெண்டு வாளியும் நெறைஞ்சு கையில எடுத்தேன். அப்பத்தான் மச்சான் கொரலு கேட்டுச்சு.

"வெள்ளம்! மாப்ளே, வெள்ளம்! வெரசா!"

மறுபடியும், "வெள்ளம், வெள்ளம்!"

அந்தக் கொரல்ல அவ்வளவு பதட்டம். 'கொண்டா'ன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தாக்கூட எனக்கு வெளங்கியிருக்கும். சொல்லித்தான் இருப்பாரு, பாவம். மழை முழுங்கியிருக்கும். நான் கேட்டது வெள்ளம், வெரசா, அது ரெண்டும்தான். டீ குடிச்சுக்கிட்டுக் கேட்டா அது தண்ணின்னு எனக்குத் தெரியும். அந்தப் பதட்டத்துல எனக்குள்ள இருந்த சிலமலைக்காரன்தான் முழிச்சுக்கிட்டான். அணை ஒடைஞ்சிருச்சுன்னு நெனைச்சேன். கையில இருந்த ரெண்டு வாளித் தண்ணியையும் கீழ போட்டுட்டு லயத்தைப் பார்த்து ஓடுனேன்.

எப்பிடி ஓடுனேன் தெரியுமா? மூணு வருசம் ஓடுன ஓட்டமெல்லாம் அன்னைக்குத்தான் ஓடுனேன். "வெள்ளம், வெள்ளம்! மேட்டுக்கு ஏறுங்க!"ன்னு கதவு கதவாத் தட்டுனேன். அக்கா மகளை இடுப்புல வச்சேன். கால் வெளங்காத ஒரு பெரியவரு நடுவீட்டுல கெடந்தாரு. அவரைக் கவுத்துத் தோள்ல போட்டு, காலையும் கையையும் சேத்துப் பிடிச்சு, களத்துல மச்சானைத் தூக்குனேன்ல, அதே மாதிரி, சறுக்குற சேத்துல மேட்டுப் பாறைக்கு ஏத்துனேன். மறுபடி எறங்கி ஒரு பிள்ளைத்தாச்சியைக் கையப் பிடிச்சு ஏத்துனேன். கதவைத் தட்டி எழுப்புனதுக்கு அப்புறம் நான் ஒரு சத்தம் போடலை, அழுகை இல்லை, கத்தல் இல்லை. படப்பு எரிஞ்ச அன்னைக்குப் பார்த்த ஆறு பேர்ல நானும் ஒருத்தன்னு மனசு துள்ளுச்சு. சத்தியமாச் சொல்றேன், சந்தோசமா இருந்துச்சு. அந்தச் சந்தோசத்தைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் மன்னிக்க முடியலை.

பாறை மேல எல்லாரும் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம். ஓடை அது பாட்டுக்குப் போகுது. அணை அப்பிடியே இருக்கு. அக்கா மக என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, "மாமா, வெள்ளம் வேணும்"னுச்சு. பயந்து அழுததுல தொண்டை வறண்டிருக்கும்போல. நான் வழக்கம்போல அதைத் தூக்கப் போனேன். பாதித் தூக்குல கை நின்னுருச்சு. திரும்பி ஸ்டோரைப் பார்த்தேன். கூரையில கருப்பாப் பொகை, அடியில செவப்பு.

எறங்குனது எனக்கு நெனவு இல்லை. நான் போய்ச் சேர்றப்ப காட்டுல இருந்து ஆளுக வந்துக்கிட்டிருந்தாங்க. மச்சான் ஸ்டோருக்கு வெளிய சேத்துல சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிட்டு, ரெண்டு கையையும் மழையில நீட்டிக்கிட்டிருந்தாரு. கத்தலை, அழுகலை. கையை மட்டும் நீட்டிக்கிட்டிருந்தாரு. உள்ளங்கைத் தோலு வழண்டு வெரல் நுனியில தொங்குச்சு. தரையில ஓடுற தகரக் குழாய் ஒண்ணு இத்துப் போயி, அதுல உதிர்ந்த காயும் சருகும் பத்தியிருக்கு. மொதல்ல ஒரு மொறம் அகலத்துக்குத்தான் எரிஞ்சிருக்கு. தண்ணிக்குக் கத்தியிருக்காரு. யாரும் வரலைன்னதும் சாக்கை எடுத்து அடிச்சுப் பார்த்திருக்காரு, அப்புறம் காய் எரிஞ்சுருமேன்னு சூடேறிக் கெடந்த கம்பித் தட்டுகளை வெறும் கையால இழுத்து இழுத்து வெளிய போட்டிருக்காரு. அவர் பத்திரமா வெளிய எறிஞ்ச காயை அப்புறம் எல்லாரும் சேத்துல இருந்து பொறுக்குனாங்க. பாதிக் கூரையோட தீ நின்னுருச்சு.

ஜீப்புல போட்டுப் போடிக்கு எறக்குனோம். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். நான் அவர் மொழங்கையைத் தாங்கிக்கிட்டு வர்றேன். ஒவ்வொரு வளைவுலயும் கை ஜீப்புல இடிச்சுரக் கூடாதேன்னு உசுரு போயி உசுரு வருது. பாதி எறக்கத்துல மச்சான் என்னையப் பார்த்தாரு.

"கத்துனேனே மாப்ளே. ஜன்னல் வழியா ஒன் முதுகு தெரிஞ்சுச்சு. ஒனக்குக் கேக்கலையா? அந்நேரம் ஒத்த வாளி ஊத்தியிருந்தாப் போதும்."

அங்கயே சொல்லியிருக்கணும். "வெள்ளம்னீகளே மச்சான், ஆத்து வெள்ளம்னு நெனைச்சுட்டேன், நான் ஒரு மடப்பய"ன்னு சொல்லியிருக்கணும். அந்த வலியிலயும் அவரு சிரிச்சிருப்பாரு, எனக்கு அவரைத் தெரியும். ஆனா அக்கா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அவ புருசன் கையில தோலில்லாம ஒக்காந்திருக்காரு, நான் ஒரு வார்த்தையை வச்சு வெளையாடுன வெளையாட்டுல இப்பிடி ஆயிப் போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்? 

"கேக்கலை மச்சான். மழைச் சத்தம்"னேன்.

"ஆமா, நல்ல மழை"ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. நான் சொன்னதை அவர் அப்பிடியே நம்பிட்டாருன்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில ரொம்ப நாளு கெடந்தாரு. புண்ணு ஆறிருச்சு, ஆனா ஆறுன தோலு வெரலையெல்லாம் உள்ளாற இழுத்துக்கிச்சு. ரெண்டு கையும் பாதி மூடுன மாதிரியே நின்னுருச்சு. டாக்டரு கையை விரிச்சுப் பார்த்துட்டு இதுக்கு மேல ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு. அள்ள முடியாது, தேய்க்க முடியாது. சோத்தைப் பிசைய முடியாது, வேட்டியைக் கட்ட முடியாது. கை இல்லாத ஆளை ஸ்டோருல வச்சு என்ன செய்ய? அக்கா மட்டும் காயெடுக்க மலைக்குத் திரும்பிப் போச்சு. மச்சானையும் பிள்ளையையும் சிலமலையில எங்க வீட்டுலயே விட்டுட்டோம். ஆத்தாதான் மருமகனுக்குச் சோத்தை உருட்டி ஊட்டும். அவர் சுவத்தைப் பார்த்துக்கிட்டு வாயைத் திறப்பாரு. ஒரு மாமியார் கையால ஊட்டி வாங்கித் திங்கிறது ஒரு ஆம்பளைக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும்? நான் அந்நேரம் வீட்டுல நிக்க மாட்டேன்.

மலையில என்ன பேச்சுன்னா, நான் பெரிய காரியம் பண்ணிட்டேனாம். லயம் புல்லுக் கூரை, ஸ்டோருல இருந்து ஒரு பொறி பறந்து வந்திருந்தா என்னவாகும், அதை முன்னக் கூட்டியே யோசிச்சு இந்தப் பய சனத்தையெல்லாம் வெளியேத்திட்டானேன்னு. நான் வெள்ளம் வெள்ளம்னு கத்துனதை அந்தக் கெழடுக தண்ணி கேட்டுக் கத்துனேன்னு நெனைச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு அந்த வார்த்தை அதுதானே! மேனேஜர் ஒரு கடுதாசி எழுதி, சீலு குத்தி, "தேர்வுக்கு உதவும் தம்பி"ன்னு என் தோளைத் தட்டிக் குடுத்தாரு. வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னா ஏன்னு கேப்பாரே?

கடைசித் தேர்வுக்கு அந்தக் கடுதாசியோட மதுரைக்குப் போனேன். டேப்பை வச்சாங்க. அஞ்சே கால். அந்த மலை மேட்டுல வாங்குன மூச்சு. கயிறு ஏறுனேன், ஓடுனேன், ஆளைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன், எல்லாத்துலயும் முன்னாடி. கடைசியா மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. கடுதாசியை முழுசாப் படிச்சுட்டு நிமிந்து பார்த்தாரு.

"சனத்தை எங்க கூட்டிட்டுப் போனே?"

"மேட்டுக்கு ஏத்துனேன் ஐயா."

"மேட்டுக்கா? மலைச் சரிவுல நெருப்பு மேல நோக்கித்தான்யா ஏறும். ஆளைப் பக்கவாட்டுல, கீழ கொண்டு போகணும். வெள்ளம் வந்தாத்தான் மேட்டுக்கு ஏத்துவாங்க."

 இந்த ஒரு ஆளு கண்டுபிடிச்சுட்டாருன்னு நெனைச்சேன். பிடிச்சுட்டா நல்லதுன்னும் ஒரு நிமிசம் நெனைச்சேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "சரி, பயிற்சியில சொல்லிக் குடுப்போம். துணிச்சல் இருக்கு, அது போதும்"னு கடுதாசியை மடிச்சு வச்சாரு.

மறுநாளு டாக்டரு சோதனை. கண்ணு, பல்லு, பாதம் தட்டையா இருக்கான்னு எல்லாம் பார்த்தாங்க. காதுக்கு, என்னைச் சுவத்தைப் பார்த்து நிக்க வச்சு, ஒரு காதைப் பொத்திக்கச் சொல்லிட்டு, டாக்டரு ரூம்போட அந்தக் கோடியில நின்னுக்கிட்டு ரகசியம் சொல்ற மாதிரி சொல்லுவாரு. "நாப்பத்தேழு"ம்பாரு, நாப்பத்தேழும்பேன். "மாட்டு வண்டி"ம்பாரு, மாட்டு வண்டிம்பேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். "பாம்புக் காதுய்யா ஒனக்கு"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு.

தை மாசம் பயிற்சிக்கு வரச் சொல்லி ஆர்டர் வந்துருச்சு. ஆத்தாவுக்குத் தலைகால் புரியலை. வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு, கடைசியில மச்சான்கிட்ட வந்து ஒக்காந்துச்சு. அவரு கயித்துக் கட்டில்ல கையை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. நான் பக்கத்துல ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கிட்டிருந்தேன்.

"கேட்டீகளா மருமகனே, என்னமா சோதிச்சிருக்காக! நெஞ்சு, பல்லு எல்லாம் பார்த்துட்டு, காதை வேற பார்த்தாகளாம். டாக்டரு அந்தக் கோடியில நின்னு குசுகுசுன்னு சொன்னதைக்கூட இவன் திருப்பிச் சொல்லிட்டானாம். பாம்புக் காதுன்னாகளாம்!"

ஆத்தா சிரிச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போயிருச்சு. நான் பிரஷ்ஷை அப்பிடியே பிடிச்சுக்கிட்டிருக்கேன். நிமிரலை. மச்சான் சொன்னாரு.

"அப்ப அன்னைக்கு நான் கத்துனது ஒனக்குக் கேட்டுருக்கு."

நான் பிரஷ்ஷைக் கீழ வச்சேன்.

"நான் வெளிய வந்து பார்த்தேன் மாப்ளே. குழாய்கிட்ட ரெண்டு வாளியும் கவுந்து கெடந்துச்சு. கேக்கலைன்னா வாளியை ஏன் போட்டுட்டு ஓடணும்னு அப்பவே மனசுல பட்டுச்சு. கேக்கலைன்னு நீ சொன்னியே, விட்டுட்டேன். நெருப்பைக் கண்டு பயந்துட்டேன்னு சொல்லியிருந்தா என்ன? நான் ஒன்னைய அடிச்சிருப்பேனா?"

அப்பச் சொன்னேன். கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். பயப்படலை மச்சான், நெருப்பையே நான் பார்க்கலை, நீங்க வெள்ளம்னீக, அணை ஒடைஞ்சுருச்சுன்னு நெனைச்சேன், அதான் சனத்தை மேட்டுக்கு ஏத்துனேன். ஆத்தா சத்தியமா, ஒங்க மக சத்தியமா. சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரிக் கேட்டுச்சு. மொதல் நாளே ஜீப்புல சொல்லியிருந்தா அது உண்மை. அஞ்சு மாசம் கழிச்சு, ஒரு பொய்யில பிடிபட்டவன் வாயில இருந்து வர்றப்ப அது என்னவா இருக்கும்?

மச்சான் என்னையப் பார்த்தாரு. கோவம்கூட இல்லை அந்தப் பார்வையில.

"வெள்ளம்னா தண்ணின்னு ஒனக்குத் தெரியாது? தெனம் என் மகளைத் தூக்கிக் கட்டில்ல நிறுத்தி வெளையாடுவியே, அந்த வெளையாட்டை எங்கிட்டயே வெளையாடுறியா மாப்ளே?"

"மச்சான்..."

"விடு. போயி நல்லா இரு. வேலையை விட்டுறாத."

வேலையை விடலை. போனேன், படிச்சேன், முப்பது வருசம் காக்கி போட்டேன். எத்தனையோ தீ பார்த்தாச்சு. கத்துற ஆளு என்ன கத்துறாருன்னு ரெண்டு தடவை திருப்பிக் கேப்பேன், கூட இருக்கிறவங்க திட்டுவாங்க. அதெல்லாம் கெடக்கட்டும்.

அந்த நாளுக்கப்புறம் மச்சான் என் முன்னாடி வெள்ளம்ங்கிற வார்த்தையைச் சொன்னதே இல்லை. அக்காகிட்டச் சொல்லுவாரு, மகளுகிட்டச் சொல்லுவாரு, நான் உள்ள வந்தா மாத்திருவாரு. லீவுல வீட்டுக்கு வர்றப்ப பக்கத்துல யாரும் இல்லாம அவருக்குத் தாகம் எடுத்தா என் பக்கம் திரும்பி, "தண்ணி"ம்பாரு. சத்தமா, நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தா, செவிட்டு ஆளுகிட்டச் சொல்ற மாதிரி. "தண்ணி. கொண்டா." நான் ஓடிப் போயிக் கொண்டாருவேன். அவரால டம்ளரைப் பிடிக்க முடியாது. நான்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அவரு குடிச்சு முடிக்கிற வரைக்கும்.